லூமென் கணக்கை ஓரமா வைங்க: எமிசார் டி4கே டார்ச், எந்த ஆப்ஷன் எதுக்கு

டார்ச் வாங்கணும்னு யாரு கேட்டாலும் மொத கேள்வி எத்தனை லூமென், அதாவது மொத்த வெளிச்சம் எவ்வளவுன்னுதான் வருது, அடுத்தது எத்தனை மீட்டர் அடிக்கும். அதுல வர்ற வெளிச்சம் என்ன கலர்ல இருக்கும்னு யாரும் கேக்கறதில்ல. எனக்கு அதுதான் மொத கேள்வியா இருக்கணும்னு தோணுது, இந்த ரிவ்யூ முழுக்க அதைத்தான் சொல்லப்போறேன், கூடவே ஒரு நல்ல டார்ச்சை நம்ம தேவைக்குத் தகுந்த மாதிரி ஆப்ஷன் சொல்லி ஆர்டர் பண்ணி வாங்குறப்ப எதுக்கு காசு குடுக்கலாம், எதுக்கு வேண்டாம்ங்கறதையும்.

நான் வச்சிருக்கறது எமிசார் டி4கே. சீனாவுல ஹாங்க்னு ஒருத்தர் செய்ற லைட்டு, எமிசார், நாக்டிகான்னு ரெண்டு பேர்ல விக்கறார், இன்ட்ல் அவுட்டோர்னு அவரோட ஆன்லைன் கடை இருக்குது, அங்க ஒரு டார்ச்சோட பக்கத்தைத் தொறந்தீங்கன்னா எந்த எல்இடி, எத்தனை கெல்வின் (வெளிச்சம் மஞ்சளா வெள்ளையாங்கற அளவு), எந்த டிரைவர், எந்த லென்ஸ், பாடி என்ன கலர், பின்னாடி காந்தம் வேணுமா, முன்னாடி ஸ்டீல் வளையம் வேணுமான்னு வரிசையா கேட்டுக்கிட்டே போகும். அலுமினியம் பாடி விலை 50 டாலர் பக்கம், ஆப்ஷன் சேரச் சேர ஏறும். நம்ம ஊர்ல 300 ரூபா பேட்டரி லைட்டையே ரெண்டு மூணு வருஷம் ஓட்டுறவங்களுக்கு இது பெரிய காசுதான், அதனாலதான் ஒவ்வொரு ஆப்ஷனையும் யோசிச்சுப் போடணும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு எங்களுக்கு. த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி ஷிஃப்ட்ல வர்றப்ப எந்திரிச்சுப் போய் மோட்டார் போட்டே ஆகணும், வாய்க்கால் மடை மாத்தணும், கீழ பூரா காஞ்ச மட்டை, பன்னாடை, சருகு. அந்தச் சருகுக்குள்ள கண்ணாடி விரியன் சுருண்டு கெடந்தா அதோட உடம்பு கலரும் சருகு கலரும் ஒண்ணுதான். இந்த இடத்துலதான் எல்இடியோட தரம் என்னன்னு புரியும். சாதா டார்ச்சோட நீலம் பாஞ்ச வெள்ளை வெளிச்சத்துல சருகு, மண்ணு, மட்டை, பாம்பு எல்லாமே ஒரே சாம்பல் நெறமா தட்டையாத் தெரியும், வெளிச்சம் எவ்வளவு பலமா இருந்தாலும் அப்படித்தான். நல்ல சிஆர்ஐ இருக்கற வெளிச்சத்துல பழுப்புலயே பத்து வகை பழுப்பு தனித்தனியாத் தெரியும். கண்ணு அந்த வித்தியாசத்தைத் தானா புடிச்சுக்கும்.

சிஆர்ஐங்கறது ஒரு வெளிச்சத்துல பொருளோட நெறம் எவ்வளவு உண்மையாத் தெரியுதுன்னு சொல்ற ஒரு மார்க், 100க்கு மேல போகாது. சாதாரண எல்இடி 70 பக்கம் இருக்கும். நல்லதுன்னா 90க்கு மேல. ஆனா இந்த மார்க்குல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும், இது ஆர்1ல இருந்து ஆர்8 வரைக்கும் எட்டு மங்கலான நெறங்களோட சராசரி மட்டும்தான், நல்ல அடர் சிவப்பு அதுல கணக்குலயே வராது, அதுக்கு ஆர்9னு தனியா ஒரு மார்க் இருக்குது. ரத்தம், தோல், பழுத்த மிளகா, சிவப்பு ஒயரு எல்லாம் சரியாத் தெரியணும்னா ஆர்9 நல்லா இருக்கணும். எங்க ஊரு மோட்டார் மெக்கானிக் அண்ணன் ஒரு தடவை ராத்திரி ஸ்டார்ட்டர் பாக்ஸைத் தொறந்து பாத்துக்கிட்டிருந்தார், அவரோட லைட்டுல ஆர் ஃபேஸ்ங்கற சிவப்பு ஒயரு பழைய அழுக்கோட பழுப்பாத் தெரியுது, நான் என் லைட்டைக் காட்டினதும் "பகல்ல பாக்குற மாதிரியே இருக்குதுங்க தம்பி, இது என்ன லைட்டு"ன்னு கேட்டார். இதை விட நல்லா சிஆர்ஐயை யாருக்கும் என்னால விளக்க முடியல.

அதனால எல்இடி லிஸ்டுல நான் கண்ணை மூடிக்கிட்டு சொல்றது நிச்சியா 519ஏ. ஜப்பான் கம்பெனி, சிஆர்ஐ 90க்கு மேல, ஆர்9ம் நல்லா இருக்கும், கரண்டும் நல்லா தாங்கும். லூமினஸ் கம்பெனியோட எஸ்எஸ்டி20ல 4000 கெல்வின் 95 சிஆர்ஐ ஒண்ணு இருக்குது, அதுவும் நல்ல எல்இடிதான், கொஞ்சம் தூரமாவும் அடிக்கும், ஆனா கம்மி வெளிச்சத்துல வைக்கறப்ப லேசா பச்சை அடிக்கும், எனக்கு அது புடிக்காது. பச்சை அடிக்கறது, ரோஸ் அடிக்கறது, இதுக்கும் ஒரு அளவு இருக்குது, டியுவின்னு சொல்வாங்க, சைபருக்கு மேல போனா பச்சை, கீழ போனா ரோஸ். நம்ம கண்ணுக்கு லேசான ரோஸ் ஒறுத்தாது, அதுல மனுஷன் மூஞ்சி உயிரோட இருக்கற மாதிரி தெரியும், பச்சைதான் உடனே கண்ணைக் குத்தும்.

இங்க ஒரு நுணுக்கம் இருக்குது. எல்இடி மேல சின்னதா ஒரு சிலிக்கான் குமிழ் இருக்கும், அதை டோம்னு சொல்வாங்க. 519ஏ மேல இருக்கற டோமை எடுத்துட்டா வெளிச்சம் கொஞ்சம் கூராகி இன்னும் தூரம் போகும், கலரும் மஞ்சள் பக்கமா எறங்கும், டியுவியும் கீழ போய் லேசா ரோஸ் ஆகும். 5700 கெல்வின் எல்இடி வாங்கி டோம் எடுத்தா கிட்டத்தட்ட 4500 பக்கம் வந்து நிக்கும். ஹாங்க்கிட்ட கேட்டா டோம் எடுத்தே போட்டுத் தருவார். நான் அப்படித்தான் வாங்குனேன், என் லைட்டைக் கையில வாங்கிப் பாத்தவங்க எல்லாருமே வெளிச்சத்தோட கலரைப் பத்தித்தான் மொதல்ல பேசறாங்க. லூமென் கொஞ்சம் கொறையும், உண்மைதான். ஆனா கண்ணுக்கு ரெண்டு மடங்கு வெளிச்சமாத் தெரியணும்னா லூமென் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேணும், அப்படின்னா அஞ்சுல ஒரு பங்கு கொறைஞ்சதை யாரு கண்டுபுடிக்கப் போறாங்க? கலர் மாறுனதை சின்னக் கொழந்தையும் கண்டுபுடிச்சிரும்.

எத்தனை கெல்வின் எடுக்கறதுங்கறது அவங்கவங்க ரசனை. 2700 பழைய குண்டு பல்பு, 6500 நம்ம ட்யூப் லைட், நடுவுல 4000ல இருந்து 5000 வரைக்கும் எதை எடுத்தாலும் வெளிய பொழங்க நல்லா இருக்கும். வீட்டுக்குள்ள மட்டும்தான், கரண்ட் போனா, கொழந்தை தூங்கறப்ப எந்திரிச்சா, படிக்கறதுக்குன்னா 3000, 2700 எடுங்க, கண்ணு கூசாது. இன்னொண்ணு, மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி கம்மியா வரும், மழை பேஞ்ச மறுநாள் ஈசல் கெளம்புற சமயத்துல வெள்ளை டார்ச்சையும் மஞ்சள் டார்ச்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, நல்லாவே தெரியும்.

முடிவு பண்ண முடியலன்னா ரெண்டு சேனல் மாடல் இருக்குது, ரெண்டு எல்இடி வெள்ளை ரெண்டு எல்இடி மஞ்சள்னு போட்டு பட்டன்லயே நடுவுல எந்தக் கலர் வேணும்னாலும் கலந்துக்கலாம். கேக்க ரொம்ப நல்லா இருக்கும். ஆனா ஒரு கோடியில வச்சா நாலு எல்இடியில ரெண்டுதான் எரியும், பட்டன் கணக்கும் இன்னும் ஒரு படி கூடும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரே லைட்டுதான்னு இருக்கறவங்க தாராளமா எடுக்கலாம், நான் ஒரே கலர்தான் எடுத்தேன்.

அடுத்தது தூரம். பெட்டி மேல 500 மீட்டர், 1 கிலோமீட்டர்னு போட்டிருப்பாங்க இல்ல, அது எப்படி கணக்கு பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கங்க. எஃப்எல்1னு ஒரு தர அளவு இருக்குது, அதுப்படி வெளிச்சம் 0.25 லக்ஸா கொறையற தூரம்தான் டார்ச்சோட தூரம். லக்ஸ்ங்கறது ஒரு எடத்துல வெளிச்சம் எவ்வளவு விழுதுங்கற அளவு, 0.25 லக்ஸ்னா பௌர்ணமி நெலா வெளிச்சம். அந்த வெளிச்சத்துல அங்க நிக்கறது மாடா மனுஷனான்னு சொல்லலாம், எந்த மாடுன்னு சொல்ல முடியாது. அதனால போட்டிருக்கறதுல பாதி தூரம்தான் நெசமா உபயோகம்னு வச்சுக்கங்க. கணக்கு சுலபம்தான், கேண்டெலாவோட, அதாவது ஒரு பக்கமா எவ்வளவு கூரா அடிக்குதுங்கற அளவோட, வர்க்கமூலத்தை ரெண்டால பெருக்கினா மீட்டர் வந்துரும், 10000 கேண்டெலான்னா 200 மீட்டர், 40000ன்னா 400 மீட்டர். அதாவது தூரம் ரெண்டு மடங்கு வேணும்னா கேண்டெலா நாலு மடங்கு வேணும், சின்ன தலை உள்ள டார்ச்சுல அது நடக்காது, அதுக்குப் பெரிய ரிஃப்ளெக்டரோ குட்டி எல்இடியோ வேணும்.

யோசிச்சுப் பாருங்க, தென்னை மரம் எவ்வளவு ஒசரம்? 20, 25 மீட்டர். வரப்புல நடக்கறப்ப பாக்கறது காலடியில இருந்து பத்தடி, இருபதடி. இதுக்கு பரவலா விழுற வெளிச்சம்தான் வேணும். நடுவுல சுரீர்னு ஒரு பொட்டு, சுத்தி இருட்டுன்னு இருக்கற டார்ச்சுல அந்தப் பொட்டைப் பாத்து கண்ணு சுருங்கிரும், காலுக்குப் பக்கத்துல இருக்கறது தெரியாது. டி4 வகைக்கு (என் டி4கேயும் அதுல ஒண்ணுதான்) லென்ஸ் கார்க்ளோங்கற இங்கிலாந்து கம்பெனியோடது, 10621 கூரு, 10622 நடுத்தரம், 10623 நல்லா பரவும். தோட்டம், வீடு, நடைக்கு 10622, வேலை செய்யற எடத்துக்கு, அதாவது பம்ப் செட் ரிப்பேர், வண்டி பானட்டுக்குள்ள பாக்கறதுன்னா 10623. இந்த லென்ஸ் விலை ரொம்ப கம்மி, ஆர்டர் பண்றப்பவே ரெண்டாவதா ஒண்ணு சேத்து வாங்கிருங்க, முன்னாடி வளையத்தைக் கழட்டி மாத்திக்கலாம்.

ஆனைமலை அடிவாரத்துல தோட்டம் இருக்கறவங்க கதை வேற. காட்டுப்பன்னி, யானை வர்ற எடத்துல எதுத்த மேட்டுல என்ன நிக்குதுன்னு அங்க போகாமலே தெரியணும், அவங்களுக்கு சிஆர்ஐ ரெண்டாவதுதான். அவங்க டி4 பக்கமே வர வேண்டாம், ஒத்த எல்இடி நாக்டிகான் கேஆர்1 மாதிரி பாருங்க, எல்இடி ஆஸ்ராம் டபிள்யூ1 இல்லன்னா டபிள்யூ2. ஒரு சதுர மில்லிமீட்டர், ரெண்டு சதுர மில்லிமீட்டர்தான் அதோட வெளிச்சம் வர்ற பரப்பே, அவ்வளவு சின்ன எடத்துல இருந்து அவ்வளவு வெளிச்சம் வர்றதாலதான் தூரம் போகுது. கலர் நீலமா, தட்டையாத்தான் இருக்கும். யானையோட கலர் நமக்கு எதுக்கு, அது எங்க நிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும். ஆனா வால்பாறைப் பக்கம் மாதிரி பனிமூட்டம் எறங்குற எடத்துல எந்த டார்ச்சா இருந்தாலும் கண்ணு பக்கத்துல வச்சு அடிக்காதீங்க, வெளிச்சம் பனியில பட்டுத் திரும்பி மூஞ்சிக்கு முன்னாடி வெள்ளைச் சுவரு மாதிரி நிக்கும், இடுப்புக்குக் கீழ புடிச்சு அடிச்சா வழி தெரியும்.

இனி டிரைவர். இதுலதான் நெறய பேரு லூமென் நம்பரைப் பாத்துட்டு டக்குனு முடிவு பண்ணிர்றாங்க. டிரைவர்னா உள்ள இருக்கற சர்க்யூட், பேட்டரியில இருந்து எல்இடிக்கு எவ்வளவு கரண்ட் போகணும்னு பாத்துக்கறது. ரெண்டு வகை கேப்பாங்க. லீனியர் பிளஸ் ஃபெட், இல்லன்னா பூஸ்ட். ஃபெட்ல டர்போ, அதாவது உச்ச வெளிச்சம் அடிச்சா பேட்டரியில இருக்கறது அப்படியே எல்இடிக்குப் போகும், நாலாயிரம் லூமென் பக்கமெல்லாம் வரும், பாக்கறவங்க அசந்து போவாங்க, அரை நிமிஷத்துல தலை கையில புடிக்க முடியாம சுடும், உடனே அதுவே வெளிச்சத்தைக் கொறைச்சுக்கும். லூமென் அளக்கற தர அளவே ஆன் பண்ணி 30 செகண்டுக்கு அப்புறம்தான் அளக்குது, அதுக்கப்புறம் பத்து நிமிஷம் கழிச்சு எவ்வளவுன்னு பெட்டியில பெரிசா எவனும் போட மாட்டான். இவ்வளவு சின்ன பாடி சூடாகாம தொடர்ந்து தர முடிஞ்சது 400, 500 லூமென் பக்கம்தான், எந்த டிரைவர் போட்டாலும் இயற்பியல் ஒண்ணுதானே.

லீனியர்ங்கறது மோட்டாரை ஃபுல்லா ஓட விட்டு கேட் வால்வைப் பாதி மூடி வச்சு தண்ணியைக் கொறைக்கற மாதிரி, மிச்ச வோல்ட்டேஜ் எல்லாம் சூடாத்தான் வெளிய போகும். பூஸ்ட் அப்படி இல்ல, நாலு எல்இடியையும் சீரீஸ்ல, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கோத்து 12 வோல்ட்டுக்கு ஏத்தித் தருது, வீணாகறது கம்மி, பேட்டரி எறங்க எறங்க வெளிச்சமும் மங்கிக்கிட்டே வராது, கடைசி வரைக்கும் ஒரே மாதிரி நிக்கும். டர்போ நம்பர் மட்டும் ஃபெட்டை விட கம்மி. நாம தெனமும் ஓட்டுறது 50ல இருந்து 300 லூமென் வரைக்கும்தான், அந்த எடத்துல பூஸ்ட் ரொம்ப நேரம் தாக்குப் புடிக்கும். எக்ஸ்ட்ரா காசு குடுக்க தகுதியான ஆப்ஷன்னு ஒண்ணே ஒண்ணைச் சொல்லணும்னா நான் இதைத்தான் சொல்வேன். கூட்டத்துல அடிச்சுக் காட்டணும்னு ஆசை இருந்தா ஃபெட் எடுங்க, அதுவும் ஒரு சந்தோஷம்தான், நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.

சூட்டைப் பத்தி இன்னொண்ணு, நம்ம வெயிலுக்குன்னே சொல்றது. இதுல ஓடற சாஃப்ட்வேர் பேரு ஆண்டுரில், டாய்கீப்பர்ங்கற பேர்ல இருக்கற டெவலப்பர் எழுதுனது, ஓப்பன் சோர்ஸ். அதுல சூட்டு லிமிட் 45 டிகிரின்னு செட் பண்ணி வச்சிருப்பாங்க. குளிர் தேசத்துக்கு அது சரி. சித்திரை மாசம் ராத்திரி எட்டு மணிக்கும் வெளிய 34, 35 டிகிரி இருக்கற ஊர்ல லைட்டு ஆன் பண்றதுக்கு முன்னாடியே பாதிக்கு மேல சூடாத்தானே இருக்குது, பத்து டிகிரி ஏறுனா வெளிச்சம் கொறைய ஆரம்பிச்சிரும். லைட்டு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்காதீங்க, செட்டிங்ஸ்ல 50க்கு மாத்திக்கங்க, கையில புடிக்க அது வரைக்கும் தாங்கலாம். அதுக்கு மேல எனக்கு உடன்பாடு இல்ல.

இந்த ஆண்டுரில்தான் இந்த லைட்டை நேசிக்கறவங்களும் வெறுக்கறவங்களும் ஆகறதுக்குக் காரணம். ஒரே ஒரு பட்டன். ஒரு தட்டு ஆன், ஒரு தட்டு ஆஃப், அமுக்கிப் புடிச்சா வெளிச்சம் மெதுவா ஏறும், விட்டு உடனே புடிச்சா எறங்கும். ஆஃப்ல இருந்து அமுக்கிப் புடிச்சா நெலா வெளிச்சம் மாதிரி மினுக்குனு ஆரம்பிக்கும், ராத்திரி பாத்ரூம் போறதுக்கு அதுவே போதும். மூணு தட்டு தட்டுனா பேட்டரி எவ்வளவுன்னு மினுக்கிக் காட்டும், நாலு தட்டு லாக். அதுக்கு மேல மெழுகுவத்தி மாதிரி ஆடற மோடு, மின்னல் மோடுன்னு போய்க்கிட்டே இருக்கும். எங்கப்பாகிட்ட குடுத்து இதெல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன், "ஒத்த பட்டன்ல இத்தனை வித்தை எதுக்கு சாமி, எரிஞ்சாப் போதும், அணைஞ்சாப் போதும்"னு சொல்லிட்டார். அவருக்குன்னே சிம்பிள் மோடு இருக்குது, புதுசா வர்றப்ப அதுலதான் வரும், எல்லாத்தையும் மறைச்சு வச்சுட்டு தேவையானது மட்டும் வேலை செய்யும், உச்ச வெளிச்சத்துக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கும். நமக்கு எல்லாம் வேணும்னா ஆஃப்ல வச்சு பத்து தட்டு தட்டி பத்தாவதை அமுக்கிப் புடிச்சா முழு மோடுக்கு வந்துரும். வீட்ல பெரியவங்களுக்குக் குடுக்கற லைட்டை சிம்பிள்லயே விட்ருங்க.

அந்த நாலு தட்டு லாக்கை மட்டும் எல்லாருக்கும் கண்டிப்பா சொல்லிக் குடுங்க. பாக்கெட்ல, பையில கெடக்கறப்ப பட்டன் அமுங்கி ஃபுல் வெளிச்சத்துல எரிஞ்சா துணி பொசுங்கும், ஃபெட் டிரைவர்னா இன்னும் மோசம். இல்லன்னா பின் மூடியைக் கால் சுத்து லூஸ் பண்ணி வச்சிருங்க, கரண்ட்டே போகாது, கொழந்தைங்க இருக்கற வீட்டுக்கு அதுதான் நம்பிக்கை.

லென்ஸுக்கு அடியில குட்டி குட்டியா கலர் எல்இடி எரியும், ஆக்ஸ்னு சொல்வாங்க. மொதல்ல பாக்கறப்ப வெறும் அலங்காரம்னு தோணும், அப்படி இல்ல. அதை வோல்ட்டேஜ் மோடுல போட்டு வச்சா பேட்டரி நெறஞ்சிருந்தா ஊதா, அப்புறம் நீலம், பச்சை, மஞ்சள்னு எறங்கி சிவப்பு வந்தா சார்ஜ் போடணும். மங்கலா வச்சா மாசக்கணக்குல எரிஞ்சுக்கிட்டே இருக்கும், கரண்ட் போன இருட்டுல லைட்டு எங்க இருக்குதுன்னு தேட வேண்டியதே இல்ல. லாக் பண்ணி வச்சாலும் இது எரியும், மூடியை லூஸ் பண்ணா எரியாது.

பின்னாடி காந்தம் எடுங்க, ஸ்டார்ட்டர் பாக்ஸ் இரும்புல ஒட்டி வச்சுட்டு ரெண்டு கையாலயும் வேலை பாக்கலாம். ஸ்டீல் வளையம் அழகுக்குத்தான், கீழ விழுந்தா அலுமினியம் நசுங்காமப் பாத்துக்கும், அவ்வளவுதான். கிளிப் வேணும். பாடி கலர் கருப்பு வேண்டாம், இருட்டுல கீழ விழுந்தா தேடணும். ஸ்விட்ச் எங்க இருக்கணும்ங்கறது மட்டும் கொஞ்சம் யோசிக்கணும், டி4 வகையில பக்கவாட்டுல, கேஆர் வகையில பின்னாடி. கையைத் தொங்கவிட்டு நடந்துக்கிட்டே அடிக்கறவங்களுக்குப் பக்கவாட்டு ஸ்விட்ச்தான் கட்டை விரலுக்கு வாட்டமா வரும்.

உலோகம். டைட்டானியம், தாமிரம், பித்தளைன்னெல்லாம் இவங்க சில மாடல்ல போடறாங்க, போட்டோவுல பாத்தா யாருக்கும் ஆசை வரும். ஆனா டார்ச்சுக்கு பாடிதான் சூட்டை வெளிய கடத்தற வேலையைச் செய்யுது, டைட்டானியம் அந்த வேலைக்கு ஆகவே ஆகாது, அலுமினியம் கடத்தற சூட்டுல பத்துல ஒரு பங்கு கூட அது கடத்தாது, எல்இடி உள்ள வெந்துக்கிட்டிருக்கும் கைக்குத் தெரியாது. மறையும் ஒண்ணோட ஒண்ணு உரசிக் கரகரன்னு இருக்கும். தாமிரம் அலுமினியத்தை விட நல்லா கடத்தும், ஆனா மூணு மடங்குக்கு மேல கனம், கை வேர்வை பட்டு நாளடைவுல கருத்து பச்சை பூக்கும், சில பேருக்கு அதுவே புடிக்கும். வேலைக்கு வாங்கறவங்க அலுமினியம் தாண்டிப் போக வேண்டியதில்ல. டைட்டானியத்துலயே கையில நகை மாதிரி வச்சுக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு அமெரிக்காவுல ஹவாய்ல இருந்து வந்த மெக்கிஸ்மோ லைட்டுங்க இருக்குது, கொஞ்ச லூமென், நல்ல எல்இடி, சூட்டுப் பிரச்சனையே வராத அளவுக்கு அடக்கமா ஓடறது, டைட்டானியத்தை அப்படித்தான் உபயோகிக்கணும். அதே அமெரிக்காவுல அரிசோனாவுல எச்டிஎஸ்னு ஒரு கம்பெனி, பின்னாடி திருகினா ரேடியோ வால்யூம் மாதிரி வெளிச்சம் ஏறி எறங்கும், உள்ள சர்க்யூட்டை முழுசா பிசின் ஊத்தி அடைச்சிருவாங்க, எத்தனை ஒசரத்துல இருந்து விழுந்தாலும் அசையாதுன்னு அதுக்குப் பேரு. அதெல்லாம் விலை வேற உலகம். அந்தப் பக்கம் இருக்கட்டும், இந்தப் பக்கம் காசு கம்மியா வேணும்னா கான்வாய்னு ஒண்ணு இருக்குது, எஸ்2 பிளஸ், எஸ்21இ மாதிரி, அதுலயும் 519ஏ கேட்டு வாங்கலாம், நான் மொதல்ல சொன்ன விஷயம் அதுலயே கெடச்சிரும். மோடு, சூட்டுக் கட்டுப்பாடு எல்லாம் எளிமையா இருக்கும். தம்பி தங்கச்சிக்கு கிஃப்ட் குடுக்க நான் அதைத்தான் சொல்றேன்.

பேட்டரியில தயவு செஞ்சு மிச்சம் புடிக்காதீங்க. டி4கே 21700ங்கற சைஸ் செல்லுல ஓடுது, அதே வகையில இன்னொரு மாடலான டி4வி2 அதை விட ஒல்லியான 18650ல. பாக்கெட்லயே வச்சிருக்கணும்னா டி4வி2, மத்த எல்லாத்துக்கும் டி4கே, கொஞ்சம் தடிமன் கூட, பேட்டரி ஒண்ணரை மடங்கு. 21700ல மோலிசெல் பி42ஏ, 4200 எம்ஏஹெச், 45 ஆம்பியர் வரைக்கும் தாங்கும், ஃபெட்டுக்கு அதுதான். பூஸ்ட்டுக்கு சாம்சங் 50எஸ் போட்டா 5000 எம்ஏஹெச், இன்னும் நேரம் ஓடும். 18650ன்னா சாம்சங் 30க்யூ, மோலிசெல் பி26ஏ. 18650 செல் மேல 9900 எம்ஏஹெச்னு போட்டிருந்தா அதைத் தொடவே தொடாதீங்க, நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான் வருது, மிச்சமெல்லாம் ஸ்டிக்கர். ரிச்சி ஸ்ட்ரீட்ல நல்ல செல்லும் கெடைக்கும், டூப்ளிகேட்டும் கெடைக்கும், பழைய லேப்டாப்ல இருந்து உரிச்சு புது உறை போட்டதும் கெடைக்கும், பில் குடுக்கற கடையில வாங்குங்க, கனம் பாருங்க, செல்லோட உறை கிழிஞ்சிருந்தா வேண்டாம்னு வச்சிருங்க. இந்த டார்ச்சுல யுஎஸ்பி சார்ஜிங் கெடையாது, எக்ஸ்டார் மாதிரி நல்ல சார்ஜர் ஒண்ணு தனியா வாங்கணும், 4.2 வோல்ட்ல அதுவே நிறுத்திக்கணும். யுஎஸ்பி இல்லையேன்னு நெறய பேரு குறையாச் சொல்றாங்க, எனக்கு அது குறையாப் படல, தண்ணி போறதுக்கு ஒரு ஓட்டை கம்மி, பேட்டரி செத்தா ஸ்பேர் செல் போட்டு பத்து செகண்டுல திரும்ப ஓட்டலாம்.

ஆர்டர் போடறப்ப பேட்டரி இல்லாம டார்ச் மட்டும் போடுங்க, லித்தியம் பேட்டரியை விமானத்துல அனுப்பறதுல கட்டுப்பாடு ஜாஸ்தி. கஸ்டம்ஸ் டூட்டி வரலாம்னு மொதல்லயே கணக்குல வச்சுக்கங்க. லிஸ்டுல இல்லாத எதாச்சும் வேணும்னா, ரெண்டு எல்இடி ஒரு கலர் ரெண்டு இன்னொரு கலர்னு கலந்து போடணும், ஆக்ஸ் கலர் மாத்தணும்னா ஆர்டர்ல குறிப்பு எழுதற எடத்துல எழுதிருங்க. சுருக்கமா, சுத்தமா எழுதுங்க, எல்இடி பேரு, கெல்வின், டோம் இருக்கணுமா வேண்டாமா, லென்ஸ் நம்பர், டிரைவர், காந்தம். உங்க வேலை என்னன்னு கதையெல்லாம் எழுத வேண்டியதில்ல, அதை நீங்க யோசிச்சு முடிச்சிருக்கணும். வந்ததும் மறையிலயும் ஓ ரிங்லயும் சிலிக்கான் கிரீஸ் லேசா தடவுங்க, ஒரு சின்ன ட்யூப் வாங்குனா வருஷக்கணக்குல வரும், வாய்க்கால்ல விழுந்தாலும் உள்ள தண்ணி போகாது.

அடுத்து அம்மாவுக்கு ஒண்ணு போடப்போறேன். டி4வி2, 519ஏ 3000 கெல்வின், டோம் அப்படியே, 10623 லென்ஸ், காந்தம், கிளிப் வேண்டாம், சிம்பிள் மோடு, ஆக்ஸ் பச்சை. அவங்க கேட்டது ஒண்ணுதான், பூஜை ரூம் அலமாரிக்குள்ள பாக்கறப்ப குங்குமம் குங்குமமாத் தெரியணும்னாங்க.